வெண்டைக்காய் வரத்து அதிகம்

இந்த சீசனில் ஒரே ஒரு தடவையாவது அருவியில் குளித்துவிடுவது என்று ஜூன் மாதம் நான்காம் தேதி காலை ஏழே காலுக்குத் தீர்மானம் எடுத்தேன். எடுத்தபோது வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தேன்.

இதில் என்ன பெரிய தீர்மானம், நீ என்ன டெல்லியிலிருந்து ரயிலேறி வரவேண்டிய ஆளா என்று கேட்பீர்கள். இல்லை. என் வீடு மேலகரத்தில். மொட்டை மாடியில் நின்றால் குற்றால மலையில் மேகம் இறங்குவது தெரியும். காற்று திரும்பினால் சாரல் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் பனியன் வரைக்கும் வந்துவிடும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் காரை நிறுத்தி வழி கேட்பது என்னிடம்தான். கையை நீட்டிச் சொல்லிவிடுவேன். நான் குளித்து நாலு வருஷம் ஆகிறது.

தடை போட்டது கலெக்டர் இல்லை. போலீஸும் இல்லை. வெள்ளம் வந்தால் அவர்கள் போடும் தடை ஒன்றிரண்டு நாளில் நீங்கிவிடும். என் மேல் இருப்பது ஜெஸி போட்ட தடை. ஜெஸி என் மனைவி.

நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய அருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினொரு நாள் தும்மினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் (எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச், ஐயர் என்றால் பாதிரியார்) ஐயர், "நாம் ஒரு நிமிடம் மௌனமாக ஜெபிப்போம்" என்றார். அந்த ஒரு நிமிடத்தில் பதினாலு தும்மல். எண்ணியது நானில்லை, முன்பெஞ்சுக்காரர்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "சைனஸ் இருக்கு. முடிஞ்சா பச்சைத் தண்ணியைத் தவிர்த்திருங்க" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அந்த 'முடிஞ்சா' ஆட்டோவிலிருந்து எங்கேயோ இறங்கிக்கொண்டது. மிச்சம் மட்டும் சட்டமாக வீட்டுக்கு வந்தது.

என் பெயர் ஸ்டான்லி. தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், ஜாதகம், ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் என் மெஷின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறது. என்னுடைய ரகசியத்துக்கு மட்டும் என் வீட்டில் படுக்க இடம் கிடையாது.

ஜெஸி என் போனை ஒளிந்து பார்க்கிறவள் இல்லை. பார்த்தாலும் பரவாயில்லையே. அவள் சத்தமாக வாசிப்பாள். தீர்மானம் எடுத்த அன்றைக்கே அது நடந்தது. சாப்பாட்டு மேசையில் போன் 'டிங்' என்றது. குளியலறைக் கதவுக்கு வெளியே குரல் வந்தது.

"என்னங்க, நயினார் அண்ணாச்சி மெசேஜ் போட்டிருக்காவ. வாசிக்கட்டா?"

"வாசி."

"'ஏலே ஸ்டான்லி, ஐந்தருவில தண்ணி சும்மா கொட்டுதுலே. கூட்டமே இல்ல. துண்ட எடுத்துட்டு ஓடியா.'"

என் மேல் ஊற்றிய வெந்நீர் பாதியில் ஆறிவிட்டது.

"நான் பாத்து பதில் போட்டுக்கிடுதேன், ஜெஸி."

"நான் போட்டுட்டேன். 'அவுகளுக்கு முடியாது அண்ணாச்சி. இப்படிக்கு ஜெஸி.' மரியாதைக்கு ஒரு கும்பிடும் போட்டிருக்கேன்."

நயினார் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். குடியிருப்பது குற்றாலத்தில். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். காலையில் ஒரு அருவியை எட்டிப் பார்க்காமல் அவன் வேலைக்குப் போனதில்லை. இப்படி ஒரு ஆள் கையில் இருந்தும், அவன் சொல்லும் செய்தி ஜெஸியின் வாய் வழியாகத்தான் எனக்கு வந்து சேருகிறது என்றால் என்ன செய்வது? மத்தியானமே அவனைக் கடைக்கு வரச் சொன்னேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்.

"இனிமே நீ அருவின்னே எழுதக்கூடாது" என்றேன்.

"பின்ன?"

"நீ காய்கறிக்காரன். காய்கறியப் பத்தி எழுது. யாருக்குச் சந்தேகம் வரும்?"

நயினார் என்னைப் பார்த்த பார்வையில், பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருபோதும் கிடைக்காத மரியாதை இருந்தது.

"ஐந்தருவிக்கு வெண்டைக்கா போடுவோம்லே" என்றான். "நறுக்கிப் பாரு, அஞ்சு பட்டை இருக்கும்."

பழைய அருவிக்கு முருங்கைக்காய். மெயின் அருவிக்குத் தக்காளி, அங்கேதான் ஜனம் போய் நசுங்குகிறது. தண்ணீர் வரத்துக்கு மட்டும் வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை. மார்க்கெட்டிலும் வரத்துதான், அருவியிலும் வரத்துதான். கூட்டத்துக்கு அழுகல். சாரலுக்குச் சின்ன வெங்காயம். 'லோடு இறங்குது' என்று வந்தால், உடனே கிளம்பி வா என்று அர்த்தம்.

"சாரலுக்கு எதுக்குலே சின்ன வெங்காயம்?" என்றேன்.

"ரெண்டுலயும் கண்ணுல தண்ணி வரும்லா."

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் மனப்பாடம் செய்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, தாளைக் கிழித்துப் போட்டோம். என் கடைக்குள் வந்த ஒரு காகிதம் காப்பி எடுக்காமல் போனது அன்றைக்குத்தான்.

மறுநாளே வேலை செய்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, நயினார் அண்ணாச்சி. 'வெண்டைக்காய் வரத்து அதிகம். அழுகல் இல்லை. சின்ன வெங்காயம் வருது. லோடு இறங்குது.' இத எதுக்கு ஒங்களுக்கு அனுப்புதாவ?"

பற்பசை நுரைக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். ஒன்றும் புரியவில்லை! பெரிய ராணுவங்களுக்குக்கூட இந்தச் சுகம் கிடைத்திருக்காது. எதிரியே செய்தியைச் சத்தமாக வாசித்துக் கொடுக்கிற சுகம்.

"அவன் கடைக்கு விலை நிலவர போர்டு அடிச்சுக் குடுக்கேன்லா. அதுக்குத்தான். நேர்ல போயி அளவு எடுக்கணும்."

"பாவூர்சத்திரத்துக்கா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. மூணு கிலோ வெண்டைக்கா வாங்கிட்டு வந்திருங்க. அதான் அழுகல் இல்லன்னு போட்டிருக்கே. பதினோரு மணிக்குள்ள வந்திருவீயல்லா?"

குற்றாலம் எங்களுக்கு மேற்கே, கூப்பிடு தூரம். பாவூர்சத்திரம் தென்காசியைத் தாண்டிக் கிழக்கே, போக அரை மணி, வர அரை மணி. ஜெஸி வாசலில் நின்றதால் வண்டியைக் கிழக்கே திருப்பினேன். தென்காசியிலேயே வெண்டைக்காய் வாங்கிக்கொண்டேன். இலஞ்சி வழியாகச் சுற்றி அருவிக்குப் போய்விட வேண்டியதுதான். என்ன மூளை எனக்கு என்று நினைத்தபோது போன் அடித்தது.

"எங்கன இருக்கீய?"

"இங்கனதான். மார்க்கெட்ல."

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. அண்ணாச்சி கடைத் தராசுப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எங்க சங்கத்து க்ரூப்ல போடணும். பாவூர்சத்திரத்துல காய் எப்படி இருக்குன்னு எல்லாரும் கேக்காவ."

எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். அந்த க்ரூப்பில் பதினெட்டுப் பேர். நயினாருக்குப் போன் போட்டுவிட்டு வண்டியைப் பாவூர்சத்திரத்துக்குத் திருப்பினேன். ஐந்தருவியில் துண்டோடு காத்துக்கொண்டிருந்த நயினாரும் ஈரத்தலையோடு கடைக்கு ஓடி வந்தான். இரண்டு பேரும் தராசுக்கு இரண்டு பக்கம் நின்று சிரித்தோம். அவன் மட்டும் குளித்திருந்தான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. முருங்கை வரத்து அதிகம் என்று வந்தால் நாற்பது முருங்கைக்காய். தக்காளி வரத்து அதிகம் என்றால் ஒரு பெட்டி தக்காளி. ஒவ்வொரு தடவையும் தராசோடு ஒரு போட்டோ. முருங்கைக்காயை வண்டியில் பின்னால் குறுக்கே கட்டிக்கொண்டு நான் தென்காசிக்குள் வந்தபோது, எதிரே வந்த பஸ் டிரைவர் ஒதுங்கி வழிவிட்டார். ஜூலை முடிவதற்குள் எந்தக் காய் முற்றல், எது பிஞ்சு என்று ஒடித்துப் பார்க்காமலே சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அருவியில் தண்ணீர் என்ன நிறம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

வாங்கி வந்த காயை ஜெஸி என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டே பேர். நாற்பது முருங்கைக்காயை எந்தச் சாம்பாரும் தாங்காது. சாயங்காலம் பை பையாகப் பிரித்துச் சங்கத்துப் பெண்களின் வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். தெருவில் போனால், "அண்ணே, முருங்கைக்கா நல்லா சதைப்பத்தா இருந்துச்சு" என்றார்கள். தலையாட்டிவிட்டுப் போனேன்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்த வருஷம் எங்கள் வீட்டுத் துணி நனையவே இல்லை. சாரல் விழுவதற்கு அரை மணி முன்னாலேயே ஜெஸி மாடிக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடுவாள். வானம் வெளுத்துக் கிடக்கும்போதுகூட எடுத்தாள். பக்கத்து வீட்டு ஹைருன் பீவியும் அவளைப் பார்த்து எடுத்தார். அவரைப் பார்த்துத் தெருவே எடுத்தது.

"ஒனக்கு மழை வாசம் தெரியுது, ஜெஸி" என்று பாராட்டினேன். நல்ல புருஷன் மனைவியிடம் இருக்கும் திறமையைப் பாராட்ட வேண்டும்.

"ஏதோ, ஒங்க புண்ணியம்" என்றாள்.

ஆகஸ்ட் வந்தது. சீசன் முடியப் போகிறது. எங்கள் கோயிலில் ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு அசனம். சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் விருந்து அது. எண்ணூறு இலை விழும். சனிக்கிழமை காய்கறி வந்து இறங்க வேண்டும், ராத்திரிக்குள் நறுக்கி முடிக்க வேண்டும். இந்த வருஷம் காய்கறிப் பொறுப்பு பெண்கள் சங்கத்துக்கு. ஜெஸி ஒரு வாரமாகப் பேனாவும் கையுமாக இருந்தாள். அந்த மும்முரத்தில் என்னைக் கவனிக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு போன் 'டிங்' என்றது.

"என்னங்க, நயினார் அண்ணாச்சி. 'வெண்டைக்காய் வரத்து அதிகம். முருங்கை வரத்து அதிகம். தக்காளி வரத்து அதிகம். எதிலும் அழுகல் இல்லை. லோடு உடனே இறங்குது.'"

மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். மூன்று அருவியிலும் தண்ணீர். ஒன்றிலும் கூட்டமில்லை. ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை! இப்படி ஒரு காலை இனி எனக்கு வாய்க்காது.

"நான் போயிட்டு வந்திருதேன், ஜெஸி. போர்டுல கடைசி வேலை."

எத்தனை கிலோ என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"போயிட்டு வாங்க. பாத்துப் போங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஜெராக்ஸ் காகிதக் கட்டுக்கு அடியில் துண்டு, அதற்கு அடியில் எண்ணெய்ப் பாட்டில். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வாசலில் டெம்போ நின்றது. பின்னால் காலிச் சாக்குகள். அதன் மேல் சபையைச் சேர்ந்த நாலு பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே, ஒங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கோம்" என்றார் ஒருவர். "முன்னால ஏறுங்க. ஒங்களுக்குத்தான மார்க்கெட் அத்துப்படி."

திரும்பிப் பார்த்தேன். ஜெஸி ஒரு நீளமான சீட்டை என் சட்டைப் பையில் வைத்தாள்.

"நீங்களே போறேன்னு சொல்லிட்டீய. இல்லன்னா யாரக் கேக்கதுன்னு தவிச்சிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு தோளிலிருந்த பையை மெதுவாகக் கழற்றிக்கொண்டாள். "இது எதுக்கு? லோடு ஏத்துறப்ப எண்ணெய் கொட்டிரும்."

பாவூர்சத்திரத்தில் நயினார் என் முகத்தைப் பார்க்காமல் தக்காளிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஏலே" என்றேன்.

"நான் என்னலே செய்வேன்? ஜெஸி தங்கச்சி சொல்லச் சொல்ல நான் மெசேஜ் அடிச்சேன். 'எதிலும் அழுகல் இல்லை'ன்னு போடுங்க அண்ணாச்சி, அப்பதான் அவுக ஓடி வருவாவன்னு அவதான் சொன்னா."

"நீ எதுக்குலே அவ சொன்னத அடிச்ச?"

"லோடு வருது, லோடு வருதுன்னு தினமும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வீட்ட விட்டுக் கிளம்பி அருவிக்குப் போறேன்லா. உலகம்மைக்கு இன்னும் தெரியாது. தங்கச்சிக்குத் தெரிஞ்சு போச்சு." உலகம்மை அவன் மனைவி. வெண்டைக்காய் மொத்தத்தையும் தன் காணிக்கையாகப் போட்டுக்கொள்ளும்படி சொன்னான். பயந்த மனிதன் கொடுக்கும் காணிக்கைக்கு ஒரு தனி எடை இருக்கிறது. பதினாலு சாக்கு வந்தது.

சாயங்காலம் கோயில் வளாகத்தில் முப்பது பேரோடு உட்கார்ந்து நறுக்கினேன். எனக்கு ஒதுக்கியது சின்ன வெங்காயம். ஜெஸி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அரிவாள்மணையை எடுத்துக்கொண்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன். வெங்காயம் இருந்ததால் கண்ணைத் துடைக்க வசதியாக இருந்தது.

"மொத நாள் சந்தேகம்தான். பத்தாம் நாளு நிச்சயமாயிட்டு. 'சின்ன வெங்காயம் வருது'ன்னு மெசேஜ் வந்தா அரை மணி நேரத்துல நம்ம மாடியில சாரல் விழுதுங்க. வெங்காயத்துக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் ரெண்டு மாசமா அதப் பாத்துத்தான் துணி எடுக்கேன்."

"தெருவே எடுக்குது."

"ஆமா. ஹைருன் அக்காவுக்கு நான் சொல்லிட்டேன்."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"தெரிஞ்சும் என்ன இப்படி மார்க்கெட்டுக்கு ஓட விட்டிருக்க."

"நீங்க பாவூர்சத்திரம் போறேன்னு சொன்னீய. நான் காய் கேட்டேன். இதுல நான் என்ன செஞ்சேன்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர் 'முடிஞ்சா'ன்னுதான சொன்னாரு? நாலு வருசத்துல ஒரு தடவையாவது, 'ஜெஸி, குளிக்கப் போகட்டா'ன்னு நேரா கேட்டீயளா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. தமிழில் மூன்று சொல். வெண்டைக்காய், முருங்கைக்காய், தக்காளி, வெங்காயம் எல்லாம் தேவைப்பட்டன, அந்த மூன்று சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்கு.

மறுநாள் எண்ணூறு பேரும் சாப்பிட்டார்கள். பந்தி முடிந்ததும் ஐயர் மைக்கைப் பிடித்தார். சமையல்காரருக்கு நன்றி, பந்தல்காரருக்கு நன்றி. "விசேஷமாக, இரண்டு மாத காலமாக நாள் தவறாமல் பாவூர்சத்திரம் போய், காய்கறி நிலவரத்தை நேரில் ஆராய்ந்து, படங்களோடு நம் சங்கத்துக்குத் தெரிவித்து வந்த சகோதரர் ஸ்டான்லிக்கு..." சபையே கை தட்டியது. முதலில் தட்டியது ஜெஸி. அடுத்த மூன்று வருஷத்துக்கு நான்தான் காய்கறிக் கன்வீனர் என்று அந்தக் கைதட்டலிலேயே முடிவாகிவிட்டது. இல்லை, நான் போனது வேறு விஷயத்துக்காக என்று எழுந்து சொல்ல முடியுமா? கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் நிமிர்ந்து நின்று, நேராகக் கேட்டேன்.

"ஜெஸி, குளிக்கப் போகட்டா?"

"போவோமே" என்றாள். சட்டென்று, ஒரு வினாடிகூட யோசிக்காமல். "நாளைக்கே போவோம். எண்ணெய் நான் எடுத்து வைக்கேன்."

அன்று ராத்திரி அப்படி ஒரு தூக்கம் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை வாசலில் வேன் நின்றது. உள்ளே பெண்கள் சங்கம் மொத்தமும் இருந்தது. அசன வேலை செய்த களைப்புக்கு ஒரு குளியல் போடலாம் என்று க்ரூப்பில் ஏற்கெனவே முடிவாகியிருந்ததாம். எனக்கு டிரைவர் பக்கத்து சீட். போகிற வழியெல்லாம் பின்னாலிருந்து பாட்டு. எனக்கு வருத்தமில்லை. ஐந்தருவியில் ஆண்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. நான் பாட்டுக்குப் போய்த் தலையைக் கொடுத்துவிடுவேன்.

வேனை விட்டு இறங்கியதும் அருவிச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. ஐந்து கிளையிலும் தண்ணீர் வெள்ளை வெளேரென்று இறங்கிக்கொண்டிருந்தது. நாலு வருஷம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். தலையில் எண்ணெயும் வைத்துக்கொண்டேன்.

"என்னங்க" என்றாள் ஜெஸி. "அங்கன பாருங்க, குரங்கு. போன வாரம் ஒரு அம்மா கைப்பையத் தூக்கிட்டு மரத்துல ஏறிட்டாம். வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிட்டான். பையெல்லாம் யாருட்ட குடுக்க?"

நான் பதில் சொல்வதற்குள் முதல் பை என் கையில் இருந்தது. அடுத்தது தோளில். "நாங்க வந்ததும் நீங்க போங்க" என்றாள். "பதினெட்டு இருக்கு, எண்ணிக்கிடுங்க."

போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகிறது. பாறைக்குக் கீழே இருந்து அவர்கள் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. ஜெஸி இப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தில் சாரல் விழுகிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது கொஞ்சம் வலுக்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு குடை.

அதைப் பைகளுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.